மாரீஸ்வரன் கட்டிய பூ

மாமனாரோடு ஒரே வீட்டில் குடியிருப்பதில்லை என்று மாரீஸ்வரன் முடிவெடுத்துவிட்டான். உறுதியான முடிவு. மேற்கு மலை நகர்ந்தாலும் நகரும், அந்த முடிவு நகராது. மனைவியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. ராஜபாளையத்தில் அவர்கள் வாடகைக்கு இருக்கும் தெருவிலேயே ஒரு மாடி வீடு விலைக்கு வந்திருந்தது. தளவாய்புரத்தில் நைட்டி எடுத்து வந்து கடை போட்டிருக்கும் மாரீஸ்வரனின் சேமிப்பில் அந்த வீட்டின் படிக்கட்டை வாங்கலாம். மீதி வீட்டை வாங்க மாமனார் ராக்கப்பன் முன்வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கும் தன் வீட்டை விற்றுப் பணம் போடுவார். பணத்தோடு அவரும் வந்துவிடுவார்.

கெட்ட மனிதர் இல்லை ராக்கப்பன். மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மில்தான் அவரை விட்டதே தவிர, அவர் மில்லை விடவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் ஷிப்டு மாறிய மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி வருவார். ஃபேன் ஓடினால், கீழே ஆள் இருக்கிறானா என்று பார்க்காமல் அணைப்பார். விடிந்த பிறகும் படுத்திருப்பவனை நோயாளி என்று நினைத்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். மாரீஸ்வரனுக்கோ ஞாயிற்றுக்கிழமை என்பது லுங்கியும் சோஃபாவும் பரோட்டாவும் ஒன்றுகூடும் திருநாள். அது பறிபோகப் போகிறது.

மனைவி பாண்டிசெல்வியிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தான்.

“ஏட்டி, ஒங்கப்பாவுக்கு ஊர விட்டு வர மனசு இருக்குமா?”

“கேட்டுட்டேன். இருக்காம்.”

“மாடி ஏறினா முட்டு வலிக்குமே?”

“அவிய கீழ இருப்பாக. மாடி ஏறப்போறது நீங்க. தொப்பை கொறையும்.”

“அதுக்கில்ல, வயசான காலத்துல...”

“வயசான காலத்துலதான வாரேங்காக? போன மாசம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டு ஞானபாக்கியம் அக்கா வாற வரைக்கும் தரையிலயே கெடந்தாக. அன்னைலருந்து போன் அடிச்சாலே எனக்கு நெஞ்சு பதறுது.”

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மாரீஸ்வரனுக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் வேறு, சோஃபா வேறு.

கடைசியில் ராக்கப்பனே ஒரு வழியைத் திறந்துவிட்டார். குலசாமியிடம் பூக்கட்டிப் பார்க்காமல் அவர் வீடு வாங்க மாட்டாராம். வ. புதுப்பட்டிக்கு வெளியே இருக்கிறது அந்தக் கருப்பசாமி கோயில். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, இரண்டையும் தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்ததுதான் சாமி வாக்கு. மாரீஸ்வரன் வீட்டு வழக்கப்படி வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் கூடாது.

“பூக்கட்டுற வேலைய நான் பாத்துக்கிடுதேன்” என்றான்.

பாண்டிசெல்வி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து எந்த வேலையையும் அவன் கேட்டு வாங்கியதில்லை. பிறகு தொட்டிச் செடிகளில் பூத்திருந்த ஒரே ஒரு வெள்ளரளியையும் ஒரு கை செவ்வரளியையும் பறித்துக் கொடுத்தாள்.

மாரீஸ்வரன் இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியை வைத்துக் கட்டினான். வெள்ளரளி குப்பைக் கூடைக்குப் போனது. எதை எடுத்தாலும் சிவப்பு! தன் மூளையை நினைத்துத் தானே பூரித்துப்போனான்.

கோயிலில் பூசாரி தங்கப்பாண்டியன் சூடம் ஏற்றினார். பாண்டிசெல்வி அப்பாவை ஓரமாகக் கூட்டிக்கொண்டுபோய்க் காதில் ஏதோ சொன்னாள். அப்பா போய்ப் பூசாரி காதில் ஏதோ சொன்னார். கிடா வெட்டுவதாக நேர்ந்துகொள்கிறார்போல என்று நினைத்தான் மாரீஸ்வரன். கிடா என்ன, யானையையே நேர்ந்தாலும் உள்ளே இருப்பது சிவப்புதானே!

ராக்கப்பன் கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்தார். பூசாரி பிரித்தார். செவ்வரளி.

மாரீஸ்வரன் முகத்தைத் துக்க வீட்டுக்குத் தோதாக மாற்றிக்கொண்டான்.

“விடுங்க மாமா. சாமிக்கு இஷ்டம் இல்லன்னா நாம என்ன செய்ய முடியும்? அடிக்கடி வந்து பாத்துக்கிடுதோம்.”

“யாருக்கு இஷ்டம் இல்ல?” என்றார் பூசாரி. “செகப்பு வந்தா வாங்குதேன்னுதான பெரியவரு என் காதுல சொன்னாரு. உத்தரவு ஆயிருச்சு!”

“அதெப்படி? வெள்ளைதான உத்தரவு?”

“அது உங்க வீட்டு வழக்கம் மாப்பிள்ள” என்றார் ராக்கப்பன். “எங்க சாமிகிட்ட, கேக்குற ஆளு எந்த நெறத்தச் சொல்லுதானோ அதான்.”

“இத மொதல்லயே சொல்லணும்லா? இது செல்லாது மாமா!”

பாண்டிசெல்வியின் குரல் தேனாக வந்தது. “சந்தேகமா இருந்தா அந்தப் பொட்டலத்தையும் பிரிச்சுப் பாத்துருவோம். அதுல வெள்ளை இருக்கும்லா?”

பூசாரி கையை நீட்டினார். மாரீஸ்வரன் முந்திக்கொண்டான். “சாமி சொன்ன பொறவு சந்தேகம் என்ன!” என்று கத்தியபடி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். பொட்டலம் அவன் தொப்பைக்கு அடியில் போய்விட்டது.

“எந்திரிங்க மாப்பிள்ள.”

“செத்த நேரம் கும்பிட்டுக்கிடுதேன் மாமா.”

“எம்புட்டுப் பக்தி!” ராக்கப்பனுக்குக் குரல் தழுதழுத்தது. பூசாரி அவன் முதுகிலேயே விபூதியைப் போட்டார். மூன்று பேரும் பொங்கல் வாங்கப் போகும்வரை மாரீஸ்வரன் எழுந்திருக்கவில்லை.

திரும்பும் வழியில் மாமனாரை மடவார் வளாகத்தில் இறக்கிவிட்டார்கள். கடை வேன் ராஜபாளையம் ரோட்டில் ஏறியதும் மாரீஸ்வரன் கேட்டான்.

“ஒங்கப்பா காதுல என்ன சொன்ன?”

“செகப்பச் சொல்லுங்கப்பான்னேன். காலைல குப்பை கொட்டப் போனா, வெள்ளரளி கூடைக்குள்ள கெடக்குது.”

“ஒங்கப்பாவுக்குத் தெரியுமா?”

“சொல்லல. மருமகன் மேல அவியளுக்கு ஒரு மரியாதை இருக்கு. அது இருந்துட்டுப் போகட்டும். நீங்க ஒழுங்கா நடந்துக்கிடுத வரைக்கும்.”

“சாமி கோவிச்சுக்கிடாதா?”

“ரெண்டுலயும் செகப்பக் கட்டுன ஆள விட்டுட்டு என்னைய ஏன் கோவிக்கப் போகுது?”

மாரீஸ்வரன் கியரை மாற்றினான். குடும்பத் தலைவனுக்குரிய கம்பீரம் உடம்பில் எங்கேயாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினான். கொஞ்சம் கிடைத்தது. தொண்டையைச் செருமினான்.

“சரி, வீடு வாங்குறது வாங்குறதுதான். ஆனா எந்த ரூம் யாருக்குன்னு நான்தான் முடிவு பண்ணுவேன். சொல்லிட்டேன்.”

“தாராளமா பண்ணுங்க” என்றாள் பாண்டிசெல்வி. “எங்களுக்குப் பிடிக்கலன்னா பூக்கட்டிப் பாத்துக்கிடுவோம். இந்தத் தடவ நான் கட்டுதேன்.”