நாடிக்கும் கிரேடு போட்டவர்

பல்லாவரத்தில் கிரேடு அண்ணனிடம் கையை நீட்டிவிட்டு நிம்மதியாக வீடு திரும்பியவன் ஒருவனும் கிடையாது.

செல்போனில் இன்கமிங் காலுக்குக் காசு பிடிப்பதை அப்போதுதான் நிறுத்தியிருந்தார்கள். நாங்கள் இருந்த தோல் கம்பெனியில் அவருக்குத் தரம் பிரிக்கும் வேலை. மேசைமேல் தோலை விரித்துக் கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்துவார். மெத்தென்று உள்வாங்கி எழுந்தால் ஃபர்ஸ்ட். முரண்டு பிடித்தால் செகண்ட். விறைத்து நின்றால் ரிஜெக்ட். அவர் சொன்னதை மாற்ற முதலாளிக்கே தைரியம் கிடையாது.

ஆனால் அந்தக் கை சும்மா இருக்காது. டீ குடிக்கும் நேரத்தில் எங்கள் மணிக்கட்டைப் பிடித்து, அதே கட்டை விரலை வைத்து அழுத்திக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு உடம்பைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பயம் மட்டுமே. பிரஷர் இருக்கிறது என்று சிட்லபாக்கத்து டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்த மறுநாள், நானே போய்க் கையை நீட்டினேன்.

“இன்னாடா இது, குதிர மாதிரி ஓடுது! பிரஷர்காரனுக்கு ரத்தக் கொழாய் வெறச்சிக்கும். அதுல இந்த ஸ்பீடுல அடிச்சா தாங்குமா?”

“தாங்காதாண்ணா?”

“தோலு வெறச்சா நனச்சி மெதுவாக்கலாம். உன்ன எங்கடா நனைக்கிறது? ரிஜெக்ட்டு. போய் டீ குடி.”

டீ எங்கே இறங்கும்? வீட்டுக்குப் போனதும் இன்சூரன்ஸ் பத்திரம் இருக்கும் பெட்டியை மனைவிக்குக் காட்டினேன். “இன்னிக்கும் அவராண்ட கைய நீட்டினியா?” என்றாள், காய் நறுக்குவதை நிறுத்தாமல்.

யாரையும் விடமாட்டார். வெளிநாட்டிலிருந்து தோல் வாங்க வந்த வெள்ளைக்காரர் கை குலுக்க நீட்டிய கையையும் பிடித்து, “செகண்ட்” என்றார். அந்த மனிதர் தோலைச் சொல்கிறார் என்று நினைத்து விலையைக் குறைத்துவிட்டுப் போனார். அண்ணன் சூப்பர்வைசரோடு சண்டை போட்ட நாளில் ஷெட் முழுக்க ரிஜெக்ட். ஞாயிறு முழுக்கத் தூங்கி எழுந்து அவர் வரும் திங்கட்கிழமையில் மட்டும் எல்லாரும் செகண்டுக்கு முன்னேறுவோம். திங்கட்கிழமை உடம்புக்கு நல்லது என்று நான் உண்மையிலேயே நம்பினேன்.

ஒருநாள் கம்பெனியில் இலவச மருத்துவ முகாம். இரண்டு கை, இரண்டு கால், நான்கிலும் பட்டை சுற்றி, ரத்தக் குழாய் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று சொல்லும் மெஷின் வந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு படுத்தேன். நர்ஸ் என் நாடியைப் பிடித்தார்.

“எழுபத்தெட்டு. நார்மல்தான் சார். குழாய்ல லேசா விறைப்பு இருக்கு. மாத்திரைய விடாம போடுங்க, போதும்.”

பக்கத்தில் நின்ற கிரேடு அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. “மெசினு ராங்கு. நவுருமா” என்று என் மணிக்கட்டைப் பிடித்தார். “நூத்திப் பத்து! எழுதிக்க!”

நர்ஸ் அவர் கையையே பார்த்தார். “கட்டை விரலாலயா பாக்கறீங்க?”

“ஆமா. ஊருக்கே தரம் சொல்ற வெரலு இது.”

“கட்டை விரல்லயே ஒரு துடிப்பு இருக்கும்ணா. அதை வெச்சுப் பாத்தா நீங்க எண்றது உங்க நாடியத்தான்.”

வாட்ச்மேன், “அப்ப இத்தினி நாளா ரிஜெக்ட்டு நாங்க இல்லியா?” என்று கேட்க, கூட்டம் வெடித்தது. நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். அண்ணன் தன் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் வேர்வை. அது என்ன முகம் என்று எனக்குத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கும் முகம்.

“எனக்கு வேல கீது” என்று நழுவப் பார்த்தார். கையைப் பிடித்துவிட்டேன்.

“படுண்ணா. நான் பக்கத்துலயே நிக்கிறேன்.”

“எனக்கு ஒண்ணும் இல்லடா.”

“இல்லன்னா எழுந்து வந்துருவ. படு.”

படுத்தார். முடிவைப் பார்த்த முகாம் டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பிரஷர் ரொம்ப அதிகம். குழாய் நல்லா இறுகிப் போயிருக்கு. இதயமும் வேகமா அடிக்குது, அடி எல்லாம் அந்தக் குழாய் மேலதான். நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க, மாத்திரை ஆரம்பிக்கணும்.”

டாக்டர் நகர்ந்ததும் அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “டேய், செத்துருவனாடா?”

இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் எனக்குப் பழக்கம். பதில் சொல்லிப் பழக்கமில்லை.

“இன்னாண்ணா பேசற? நான் எத்தினி வருசமா செத்துகினே கீறேன். ஒண்ணும் ஆவல பாரு.”

பட்டைகளோடு கிடந்தபடியே சிரித்துவிட்டார். மறுநாள் நான்தான் அழைத்துப் போனேன். அன்றிலிருந்து, எனக்காகப் பயப்பட எனக்கு நேரமே கிடைப்பதில்லை.

இப்போதும் தாம்பரம் ஸ்டேஷனில் இருவரும் சேர்ந்துதான் ரயில் பிடிக்கிறோம். மேம்பாலத்தின் நடுவில், மூச்சு வாங்குவதைக் காட்டிக்கொள்ளாமல், கீழே ரயில் பார்ப்பது போல் நின்றுவிடுவார். நானும் நிற்பேன். ரயில் வேடிக்கை பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.