வெடிக்கப்போகும் நட்சத்திரமும் நாலு அலமாரியும்

பஸ்கா பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் என் வீட்டுக்காரர் எல்காநாவுக்கு வானம் என்று ஒன்று இருப்பதே கண்ணில் பட்டது. போன வருஷம் இதே வாரம் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்கு முந்தின வருஷம் கண் வலி.

எங்கள் யூத வழக்கப்படி பண்டிகைக்குள் வீட்டில் ஒரு ரொட்டித் துணுக்குகூட இருக்கக் கூடாது. அடுப்பு, மெத்தை, தொட்டில் எல்லாம் நான் முடித்தாயிற்று. மிச்சம் அவருடைய நாலு அலமாரிப் புத்தகங்கள். ஒவ்வொன்றையும் பிரித்து உதற வேண்டும். மனுஷர் பிஸ்கட் தின்னாமல் ஒரு பக்கம் புரட்டினதில்லை.

"ஹெட்வா! ஆதிரை நட்சத்திரம் வெடிக்கப்போகுதாம். பேப்பர்ல போட்டிருக்கான்!"

"எப்போ?"

"இன்னைக்கே வெடிக்கலாம். லட்சம் வருஷம் கழிச்சும் வெடிக்கலாம்."

"நீங்க அலமாரி துடைக்கிறேன்னு சொல்ற மாதிரியே இருக்கு."

நாற்காலியோடு மொட்டைமாடி ஏறிவிட்டார். சாயங்காலம் ஆனால் மாடி. பின்னாலேயே டீயும் ஏறணும். சஃபேத் ஊரையே அவர்தான் காவல் காக்கிற மாதிரி ஓர் உட்காரல்.

பொறுத்துப் பார்த்தேன். ஒரு நாள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நானும் ஏறினேன். பக்கத்து மாடியில் சிம்ஹா அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"புத்தகத்தை எப்போ உதறுவீங்க?" என்று இவரைக் கேட்டேன்.

சிரித்தார். எங்கள் எபிரேய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எந்தச் சொல் கிடைத்தாலும் இவர் கூட்டிப் பார்க்காமல் விடமாட்டார். இப்படிக் கூட்டிக் கூட்டித்தான், மாமியார் இங்கே மாசக்கணக்கில் தங்குவது கடவுளின் கட்டளை என்று நிரூபித்தார்.

"நட்சத்திரம், அதாவது கோகாவ். கூட்டினா நாற்பத்தெட்டு. மூளை, மோஆஹ். அதுவும் நாற்பத்தெட்டு! மூளை உள்ளவன் நட்சத்திரத்தைப் பார்ப்பான். மத்தவங்க அலமாரியைப் பார்ப்பாங்க."

"எண் ஒண்ணா இருந்தா பொருளும் ஒண்ணுதானா?"

"ஒண்ணேதான். அதுல மறுபேச்சே கிடையாது."

"சிம்ஹா அக்கா, கேட்டுக்கிட்டீங்களா?"

"எனக்கென்ன, தெருவுக்கே கேட்டுச்சு கண்ணு."

"ஏங்க, வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னால என்னைப் பார்த்துப் பாடுவீங்களே, திறமைசாலிப் பெண்டாட்டின்னு. அந்தத் திறமைக்கு நம்ம பாஷையில என்ன வார்த்தை?"

"ஹாயில்."

"அது எத்தனை?"

விரல் தானாக மடங்கியது. "எட்டு... பத்து... முப்பது..." விரல் நின்றது.

"நாற்பத்தெட்டு!" என்று முடித்துவைத்தாள் சிம்ஹா அக்கா, வாயில் துணிக்கிளிப்போடு.

"அப்போ நட்சத்திரம் மேல இல்லீங்க. இடுப்புல பிள்ளையோட உங்க எதிர்லயே நிக்குது. இதுவும் வெடிக்கப்போகுது. ஆனா லட்சம் வருஷமெல்லாம் எடுத்துக்காது."

இறங்கிப் போய்விட்டார். நாற்காலியில் சூடு இருந்தது. டீயிலும் இருந்தது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஆதிரை செக்கச் சிவந்து நின்றது. கீழே பொத் பொத்தென்று புத்தகம் உதறும் சத்தம். கொஞ்ச நேரத்தில் படிக்கட்டிலிருந்து ஒரு குரல்.

"ஹெட்வா... வெடிச்சிருச்சா?"

"எத்தனை அலமாரி முடிஞ்சுது?"

"ஒண்ணு."

"மிச்சம் மூணையும் முடிங்க. அதுவரைக்கும் வெடிக்காம பொறுத்துக்கிட்டிருக்கும்."