மூணுதரம் செவிடான சனிக்கிழமை

உலகம் உண்டான நாளிலிருந்து இன்றுவரை பிறந்த ஏலக்காரர்களில், பெங்களூர் தண்டில், அதாவது பட்டாளம் தங்கிய கண்டோன்மென்டில், இருந்த மூணுதரத்தை மிஞ்ச ஒருவன் பிறக்கவில்லை. நந்தி மலையைக் காலையில் அவரிடம் ஒப்படைத்திருந்தால், சாயங்காலக் காபி வேளைக்குள் நல்ல விலைக்குத் தள்ளிவிட்டு, அடிவாரத்தைத் தனியாக ஏலம் போடலாமா என்று கேட்டிருப்பார்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு நிச்சயம் இருந்திருக்கும். யாருக்கும் தெரியாது. "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" என்று கத்தி அவர் மேஜையில் சுத்தியலை இறக்கினால், பரேடு மைதானத்துப் பட்டாளத்துக் குதிரைகள் காதைத் தூக்கும். அதனால் எங்கள் தெருவுக்கு அவர் மூணுதரம். சீமைக்குத் திரும்பும் துரைகளின் பியானோ, கட்டில், கண்ணாடி பீரோ இவற்றை ஏலத்தில் விற்றுக் கொடுப்பது அவர் தொழில். கமிஷன் விஷயத்தில் இரக்கமே கிடையாது. ஒரு முறை ஒரு துரைசாணி, "என் நாய்க்குட்டியை விற்க மனம் வரவில்லை" என்று விசும்பியபோது, "அப்ப சங்கிலியையாவது குடுங்கம்மா" என்று வாங்கி விற்றார்.

அவருடைய பெருமை முழுக்க அவர் காதிலும் கண்ணிலும் இருந்தது. அவர் ஏலத்தில் நீங்கள் வாயைத் திறக்க வேண்டியதில்லை. புருவத்தை உயர்த்தினால் நாலணா. தும்மினால் எட்டணா. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையில் நெற்றியில் உட்கார்ந்த கொசுவை அடித்த பாவத்துக்கு, ஒரு பூசணிக்காயைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனவன் நான்.

"நான் கேக்கவே இல்லீங்களே!" என்று அலறினேன்.

"கை தூக்கினியா இல்லியா?"

"கொசு கடிச்சுது!"

"அது கொசுவுக்கும் உனக்கும் உள்ள வழக்கு. சுத்தியல் விழுந்துடுச்சு. பூசணிக்காய தூக்கு."

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. சபையார் தங்கள் வீட்டுத் தோட்டத்தில் விளைந்ததையும் கோழி இட்டதையும் ஆண்டவருக்கென்று கொண்டுவந்து கோயிலில் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே மேஜை போட்டு ஏலம். எடுத்தவர் பெரும்பாலும் பொருளை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவார். அது மறுபடி ஏலத்துக்கு வரும். மூணுதரம் ஒரே கோழிமுட்டையைப் பதினோரு தடவை விற்றதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு வருஷம் மேஜைமேல் கட்டியிருந்த சேவல் சரியான நேரத்தில் கூவித் தொலைக்க, அதன் சொந்தக்காரரையே ஒரு ரூபாய் கட்டவைத்தார். இன்னொரு வருஷம் போதகர் மேஜையோரம் சாத்தி வைத்த குடையையும் வேகத்தோடு வேகமாக விற்றுவிட்டார். போதகர் தம் குடையைத் தாமே ஒன்றரை ரூபாய்க்கு ஏலம் எடுத்து, மழையில் நனையாமல் வீடு போய்ச் சேர்ந்தார்.

ஆனால் ஒன்று. துரை வீட்டில் கமிஷனுக்குக் கழுத்தைப் பிடிக்கிற அந்த மனிதர், கோயில் ஏலத்தில் ஒரு டம்ளர் காபியைக்கூடத் தொடமாட்டார். தொண்டை வறண்டால் குடிக்க வீட்டிலிருந்தே புட்டியில் தண்ணீர் கொண்டுவருவார். யாராவது வாழைப்பழம் நீட்டினால் அதையும் ஏலம் போட்டுவிடுவார். "ஆண்டவர் பேரச் சொல்லி ஒரு பழம் உள்ள போச்சுன்னா, அடுத்த வருஷம் சீப்பு கேக்கும், அதுக்கடுத்த வருஷம் தாரு கேக்கும். வயித்த நம்பக்கூடாதுப்பா" என்பார்.

இப்படிப்பட்டவர் இருக்கும் ஊருக்குத்தான் பட்டு அங்கிப் பிரசங்கியார் வந்து சேர்ந்தார்.

எந்த ஊர், எந்தச் சபை, ஒருவருக்கும் தெரியாது. மைதானத்து மூலையில் சர்க்கஸ் கம்பெனியாரிடம் வாடகைக்கு எடுத்த கூடாரம். உடம்பில் மினுமினுக்கும் பட்டு அங்கி, வயிற்றின் குறுக்கே தங்கக் கடிகாரச் சங்கிலி. ஆனால் பேச்சு! அப்பப்பா! நான் ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "நீங்கள் ராஜாதி ராஜாவின் பிள்ளைகள்! ராஜகுமாரன் கிழிந்த சட்டை போடுவானா? உங்கள் கை மூடியிருப்பதால்தான் வானம் மூடியிருக்கிறது! எதை உயிராக நினைக்கிறீர்களோ அதைக் கொண்டுவந்து இந்த மேடையில் வையுங்கள்! நூறு மடங்கு! நூறு மடங்காகத் திரும்பி வரும்!"

கூட்டம் எழுந்து ஓடியது. பித்தளை அண்டா வந்தது, சுவர்க் கடிகாரம் வந்தது, வயலின் வந்தது, உயிருள்ள ஆடு ஒன்று வந்தது. நான் என்ன கொடுத்தேன் என்று கேட்கிறீர்களா? என் சைக்கிளை. சம்பள உயர்வு வரும் என்று கண்ணில் நீர் தளும்ப, மணி அடித்துக்கொண்டே மேடைவரை ஓட்டிப்போய்க் கொடுத்தேன். மறுநாள் ஆபீசுக்கு மூன்று மைல் நடந்தபோதுதான் கொஞ்சம் தெளிந்தது.

மூன்றாம் நாள் எஸ்தரக்கா தையல் மெஷினைக் கொண்டுவந்து வைத்தாள்.

எஸ்தரக்கா எங்கள் தெருக்கோடியில் இருந்த விதவை. பாடகர் குழுவின் வெள்ளை அங்கி முதல் தெருக் குழந்தைகளின் கவுன் வரை அவள் கைவேலை. அந்த மெஷின் ஓடினால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும். ஒரே மகன் ரங்கூனுக்குக் கப்பல் ஏறிப்போய் எட்டு மாதமாகக் கடிதம் இல்லை. "மெஷினைக் கொடு, மகனுக்காக விசேஷ ஜெபம் ஏறெடுக்கிறேன்" என்று பிரசங்கியார் சொல்லிவிட்டார். யார் தடுத்து அவள் கேட்கப்போகிறாள்? எங்கள் போதகராலும் வாயைத் திறக்க முடியவில்லை. அவர் கமிட்டியில் பாதிப்பேர் கூடாரத்தில் முதல் வரிசையில் இருந்தார்கள்.

அண்டாவையும் ஆட்டையும் சுமந்துகொண்டு ரயில் ஏற முடியுமா? எல்லாவற்றையும் சனிக்கிழமை ஏலம் போட்டுக் காசாக்கிக் கொடுக்க வேண்டும் என்று பிரசங்கியார் மூணுதரத்தைக் கூப்பிட்டனுப்பினார். இவர் போனார். போனது மட்டுமல்ல, "ஊழியத்துக்குக் கமிஷனா? ஒரு காசு வேணாங்க சாமி" என்று கைகூப்பிவிட்டு வந்தார். தெருவே காறித் துப்பியது. நானும்தான் துப்பினேன்.

அன்றைக்கே என்னிடம் வந்தார். "டைப் அடிக்கிறவனே, ஏல ஒப்பந்தம் ஒண்ணு அடி. மொதல் வரியில 'கூலி கிடையாது'ன்னு பெருசா போடு. கடைசி வரியில 'ஏலக்காரன் சுத்தியலே முடிவு, மறு ஏலம் கிடையாது'ன்னு போடு." அடித்துக் கொடுத்தேன். பிரசங்கியார் முதல் வரியைப் படித்தார், முகம் மலர்ந்தது, கையெழுத்துப் போட்டார்.

அடுத்து மூணுதரம் போன இடம் பிளாக்பள்ளி. அங்கே பழைய சாமான் வியாபாரிகளுக்கெல்லாம் தலைவர் கட்டில் பாய். மூணுதரத்துக்கு உலகத்தில் ஒரே ஒரு வெறுப்பு உண்டு. வியாபாரிகள் தங்களுக்குள் கூட்டுச் சேர்ந்துகொண்டு, ஏலத்தில் வாயைத் திறக்காமல் விலையை விழவைப்பது. அதற்காகக் கட்டில் பாயோடு இருபது வருஷம் சண்டை. இப்போது அவரே போய், "பாய், சனிக்கிழமை உங்க ஆளுங்கெல்லாம் வாங்க. முன்வரிசையில குந்துங்க. ஒருத்தரும் வாயத் தொறக்காதீங்க" என்றார்.

கட்டில் பாய் குடித்துக்கொண்டிருந்த சாயா புரையேறியது. "யா அல்லா! கூட்டு கூடாது, கூட்டு கூடாதுன்னு என் மண்டைய தின்னவன் நீ. நீயா வந்து கூட்டு கட்றே?"

"ஒரே ஒரு நாளுக்கு பாய். ஏழைங்க சாமான்."

"ஏழைங்க சாமானா? அத முன்னாடியே சொல்றதுதானே! போ போ, எங்க வாய்க்கு பூட்டு."

இன்னும் ஒரு வேலைதான் பாக்கி. பொருள் கொடுத்தவர்கள் எல்லாரையும் வீடுவீடாகப் போய்ப் பார்த்து, "வந்து ஒரணாவுக்குக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். எல்லாரும் சரி என்றார்கள், எஸ்தரக்காவைத் தவிர. "ஆண்டவருக்குக் குடுத்ததத் திரும்பக் கேட்டா எம்புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடும். வேற யாரு வாங்கிக் குடுத்தாலும் தொடமாட்டேன். மிஞ்சிப்போனா அன்னிக்கு வந்து ஒரு தடவ கண்ணால பாத்துட்டுப் போறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று மூணுதரம் சாப்பிடவில்லை என்று அவர் சம்சாரம் சொன்னாள்.

சனிக்கிழமை வந்தது. கூடாரம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் இருபது வியாபாரிகள், அத்தனை பேரும் உதட்டை இறுக்கிக்கொண்டு. பிரசங்கியார் மேடையில் நாற்காலி போட்டு, சங்கிலியைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார்.

அண்டா ஒரணா, மூணுதரம்! கடிகாரம் ஒரணா, மூணுதரம்! ஆடு ஒரணா! என் சைக்கிள்! நான் பரபரப்பில் இரண்டணா என்று கத்தித் தொலைத்தேன். "கொழுப்பு" என்று முணுமுணுத்துவிட்டுச் சுத்தியலை இறக்கினார். பிரசங்கியாரின் கை சங்கிலியில் அப்படியே நின்றுவிட்டது.

கடைசியில் தையல் மெஷின். மேஜைமேல் தூக்கி வைத்தார்கள். எஸ்தரக்கா தூண் ஓரமாக நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரணா! யாரு ஒரணா?" மூணுதரத்தின் கண் அவள்மேலேயே இருந்தது. எஸ்தரக்கா அசையவில்லை. "நல்ல மெஷினு, ஒரணா!" அவள் அசையவில்லை.

அப்போதுதான் கூடாரத்தின் பின்னாலிருந்து ஒரு குரல். "பத்து ரூபா!"

அத்திபெலேயிலிருந்து வெல்லம் விற்க வந்த வியாபாரி. கூட்டத்தைப் பார்த்துவிட்டு எட்டிப் பார்த்தவர். அவருக்குக் கூட்டும் தெரியாது, குட்டும் தெரியாது. மகளுக்கு மெஷின் வேண்டும், அவ்வளவுதான்.

மூணுதரம் கூடாரத்து உச்சியைப் பார்த்தார். "யாரும் கேக்கலையா?"

"அண்ணே, பத்து ரூபா!"

"ஒருத்தரும் கேக்கலையா?"

"ஹத்து ரூபாய், சுவாமி!" என்று கன்னடத்தில் கத்தினார் வியாபாரி. குடையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு, "பதினஞ்சு!" என்று தன் விலையைத் தானே ஏற்றினார். "இருபது!" என்றார். தும்மலுக்கு எட்டணா கேட்ட அந்தக் காது, நூறு பேருக்குக் கேட்ட குரலைக் கேட்கவில்லை. கட்டில் பாய் சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் திணித்துக்கொண்டார்.

பிரசங்கியார் துள்ளி எழுந்தார். "ஏலக்காரரே! அதோ அவர் கேட்கிறார், இருபது!"

"என்ன சாமி?" என்று மூணுதரம் காதைக் கையால் மடித்தார். கண் மட்டும் எஸ்தரக்காமேல். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. எவ்வளவு நேரம்தான் ஒரு மனிதன் செவிடனாக இருக்க முடியும்?

எஸ்தரக்காவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கண் நிரம்பிவிட்டது. புடவைத் தலைப்பை எடுத்துக் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள்.

"ஒரணாஎஸ்தரம்மாஒருதரம்ரெண்டுதரம்மூணுதரம்!"

ஒரே மூச்சு. டமார்! சுத்தியலின் தலை கழன்று ஆட்டின்மேல் போய் விழுந்தது.

கூடாரம் வெடித்தது. வியாபாரிகள் இருபது நிமிஷமாக அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்துக் கத்தினார்கள். பிரசங்கியார், "மோசம்! மறுபடி போடு!" என்று கூவ, மூணுதரம் ஒப்பந்தத்தின் கடைசி வரியை அவர் மூக்குக்கு நேரே பிடித்தார்.

எஸ்தரக்கா மேஜையருகே வந்தாள். "நான் கேக்கலீங்க ஐயா. கண்ணத்தான் தொடச்சேன்."

"எங்கிட்ட மூக்கு சொறிஞ்சவனே தப்பினதில்ல, நீ கண்ணு தொடச்சுட்டுப் போயிடுவியா?"

"ஆண்டவருக்குக் குடுத்ததாச்சே..."

அவர் குரல் தணிந்தது. "நீ குடுத்தே, ஆண்டவரு வாங்கிக்கினாரு. சரியா? இப்ப அவரு வித்துட்டாரு, நீ வாங்கிட்டே. எவனும் எதையும் திரும்பக் கேக்கல. மோட்சத்துல கிழிஞ்ச அங்கி போட்டவங்க யாரும் இல்லம்மா, அவருக்கு மெஷினு எதுக்கு? மாட்டுத்தொழுவத்துல பொறந்தவரு, உம் மவன் பேர சொன்னா சும்மாவே கேப்பாரு. ஒரணாவ வெச்சுட்டு வீட்டுக்குப் போ."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே தலைப்பில் இருந்த காசு முடிச்சை அவிழ்த்தாள். நான் என் சைக்கிளில் மெஷினை ஏற்றிக் கொண்டுபோய் விட்டேன்.

மறுநாள் கூடாரம் இருந்த இடத்தில் புல்தான் இருந்தது. பிரசங்கியார் ஒரு கைக்குட்டைச் சில்லறையோடு ரயில் ஏறினார் என்று கேள்வி. அத்திபெலே வியாபாரிக்கு அடுத்த வாரமே ஒரு துரை வீட்டு மெஷினை நியாயமான விலைக்கு மூணுதரம் எடுத்துக் கொடுத்தார், முழுக் கமிஷனும் வாங்கிக்கொண்டு. நாலு மாதம் கழித்து ரங்கூனிலிருந்து கடிதம் வந்தது, பையன் சுகம். அது யாருடைய ஜெபம் என்று நான் ஏலம் போடப் போவதில்லை.

ஆனால் மூணுதரம் மட்டும் பல நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு நாள் போதகர் வீட்டுக்குப் போய்த் தலைகுனிந்து நின்றாராம். "ஐயா, தொழிலுக்குத் துரோகம் பண்ணிட்டேன். கூட்டு கட்டினேன். கேட்ட விலைய கேக்காத மாதிரி நின்னேன். எனக்காக ஜெபம் பண்ணுங்க." போதகர் சிரிக்காமல் ஜெபம் செய்தாராம். முடிந்ததும் காபி கொடுத்தாராம். அதை அவர் தொடவில்லையாம்.

மூணுதரம் போய்ச் சேர்ந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு வேறொருவர் சுத்தியல் பிடித்தார். நல்ல மனிதர், மரியாதையானவர், வாயைத் திறந்து கேட்டால்தான் விலை போடுவார். பூசணிக்காய் மேஜைக்கு வந்தது. நான் அவர் கண்ணில் படும்படி நின்றுகொண்டு நெற்றியில் ஒரு அடி அடித்தேன், மூக்கைச் சொறிந்தேன், கண்ணையும் துடைத்தேன். யாரும் கவனிக்கவில்லை.