பார்டர் வைத்த புல்லட்டின்

விமல்ராஜ் ஒரு சபதம் எடுத்தார். இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் செவிலிமேட்டுச் சபையின் புல்லட்டின் பெஞ்சில் அநாதையாகக் கிடக்காது. கையில் வாங்கியவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். கொண்டுபோனவர்கள் பத்திரப்படுத்துவார்கள். டிசம்பரில் சபைக் கமிட்டித் தேர்தல் வரும். செயலாளராக யாரைப் போடலாம் என்று யோசிக்கும்போது அந்தத் தாளை எடுத்துப் பார்த்து, "இதைச் செஞ்சவரையே போட்டுடலாம்பா" என்பார்கள்.

சபதத்தின் முன்பாதியை ஊருக்குச் சொன்னார். தேர்தல் பாதியை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. மனைவிக்கு அது முதல் நாளே தெரியும் என்பது வேறு விஷயம்.

அதுவரை இருந்த புல்லட்டினைப் பற்றி யாரும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. அன்றைய பாட்டு எண்களும் யாருக்கு என்ன பொறுப்பு என்பதும் போட்டு, இரண்டாக மடித்த ஒரு வெள்ளைத் தாள். ஜெராக்ஸுக்கு எடுத்த ஜெராக்ஸின் ஜெராக்ஸ். ஆலயத்தில் கரண்ட் போனால் விசிறி. போகாவிட்டால் பாட்டுப் புத்தகத்துக்கு நடுவே அடையாளம். ஆராதனை முடிந்தால் பெஞ்சுக்கடியில் குப்பை.

"யாராவது இதைக் கொஞ்சம் அழகா, உபயோகமா பண்ணித் தர முடியுமா?" என்று ஆயர் கமிட்டியில் கேட்டார். 'அழகா' என்றதுமே விமல்ராஜ் கையைத் தூக்கிவிட்டார். மீதி வாக்கியம் அவரைத் தாண்டிப் போய்விட்டது.

அவருக்குத் தகுதி இல்லை என்று சொல்ல முடியாது. பிள்ளையார்பாளையத்தில் பட்டுச் சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவதுதான் அவர் தொழில். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம். எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று நிரப்பிக்கொண்டே போனால், கடைசியில் தறியில் அன்னம் நீந்தும். அதைக் கட்டிக்கொண்டு மணப்பெண் மேடையேறுவாள். அப்படிப்பட்டவருக்கு ஒரு தாள் எம்மாத்திரம்?

முதல் டிசைன் முடிந்ததும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே போனார். அவர் மனைவி சுகாசினி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமையானால் சபையின் ஓய்வுநாள் பள்ளியையும் அவர்தான் நடத்துகிறார். இப்போது தோசை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்குது, சொல்லு."

"சேலை நல்லா இருக்குது."

"சேலையா? புல்லட்டின்மா இது!"

"சுத்தி பார்டர். அடியில முந்தி. நடுவுல புட்டா. ரவிக்கைத் துணி ஒண்ணுதான் காணோம்."

"பார்டர்தான்மா அழகே! பாரு, புறா வச்சிருக்கேன், திராட்சைக் கொடி வச்சிருக்கேன். ஓரத்துல கோதுமைக் கதிரு."

"எழுத்து எங்க வச்சிருக்கீங்க?"

"நடுவுல இருக்குது பாரு."

சுகாசினி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். திராட்சைக் கொடிகளுக்கு இடையே, தீப்பெட்டி அகலத்தில், எழுத்து இருக்கத்தான் இருந்தது.

"பூ அலங்காரம், சகோதரிகள். தேநீர், சகோதரிகள். ஆலயச் சுத்தம், சகோதரிகள். யாருங்க இந்த சகோதரிகள்?"

"எல்லாரும்தான்."

"ஜெபம், சகோதரர் கமல். வேதபாடம், சகோதரர் விக்ரம். காணிக்கை, சகோதரர் இளங்கோவன். ஆம்பளைங்களுக்கு மட்டும் பேரு முளைச்சிருக்குதே?"

"ஜெபம் ஒருத்தர் பண்றாரு, பேரு போடலாம். பெருக்கறவங்க ஏழெட்டு பேரு. அத்தனை பேரும் போட்டா பார்டர் எங்கமா போவும்?"

"எங்கயாவது போவட்டுமே."

"உனக்கு டிசைன் புரியாது சுகா."

வேலை செய்கிற ஏழு பேரைச் சேர்த்துக் கட்டி ஒரு வார்த்தைக்குள் போட்டுவிடலாம். வாய் பேசுகிற ஒருவருக்கு மட்டும் தனி வரி வேண்டும். இப்படி எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது என்று சுகாசினி கேட்டிருக்கலாம். கேட்டால் நியாயம்தான். ஆனால் கேட்டால் விவாதம் வரும், விவாதம் வந்தால் தோசை கருகும், கருகிய தோசையையும் கடைசியில் யார் தின்பது என்பது எல்லா வீட்டிலும் தெரிந்ததுதான். அவர் தோசையைத் திருப்பிப் போட்டார்.

"அச்சுக்குக் குடுங்க. ஜனங்க பாக்கட்டும்."

விமல்ராஜ் இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வழவழப்பான தாளில், அரக்குச் சிவப்பில், தங்க நிறக் கரையோடு புல்லட்டின் வந்திறங்கியது. "அடேங்கப்பா!" என்றார்கள். விமல்ராஜ் தலை குனிந்து ஏற்றுக்கொண்டார். அந்தத் தலை நிமிர்வதற்குள் ஆராதனை ஆரம்பித்துவிட்டது. முதல் பாட்டின் எண் புறாவின் இறக்கைக்குள் இருந்தது. கண்டுபிடித்தவர்கள் எழுந்து பாடினார்கள். கண்டுபிடிக்காதவர்கள் ஜெப நேரம் என்று நினைத்து முழங்காலில் நின்றார்கள். நடுவில் ஆயர் இரண்டு பக்கத்தையும் பார்த்துக் கைகளை விரித்தபடி நின்றார்.

முடிந்ததும் எல்லாரும் தேநீருக்காக வெளியே வந்தார்கள். அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை.

"சகோதரிகள்னு போட்டிருந்திச்சி. நான் ஷாரோனைச் சொல்றாங்கன்னு இருந்துட்டேன்" என்றார் சம்பூர்ணம். கல் நட்ட நாளிலிருந்து அந்த ஆலயத்தைப் பெருக்குகிறவர் அவர்.

"நான் உங்களைன்னு நெனச்சேன் ஆன்ட்டி" என்றாள் ஷாரோன், கண்ணைச் சிமிட்டாமல். காலேஜில் படிக்கிற பெண்.

பெஞ்சுகளில் அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகத் தாள் கிடந்தது. வழவழப்புத் தாளில் விசிறினால் காற்றும் வரவில்லையாம்.

ஆயர் விமல்ராஜின் தோளில் கை போட்டார். "அழகு வந்துட்டுது தம்பி. உபயோகமும் வந்துட்டா நல்லா இருக்கும்."

பொருளாளர் கமல் அவ்வளவு பதமாகச் சொல்லவில்லை. "ஒரு டீக்குக் கூட வழி பண்ணாத பேப்பரை வச்சிக்கினு நீ தேர்தல்ல நிக்கப் போறியா?"

சொல்லாத பாதியும் ஊருக்குத் தெரிந்திருந்தது. சபதம் ஆடிப்போனது. சனிக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து சுகாசினி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, விமல்ராஜ் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"சுகா."

"ம்."

"சபையில யார் யாரு இன்னா இன்னா வேலை செய்றாங்கன்னு கொஞ்சம் சொல்றியா?"

"பேரோடவா, சும்மாவா?"

"பேரோடதான்."

"பொம்பளைங்களுக்கு முழுப் பேரு போடணும். இத்தினி வருஷம் போடாததுக்குச் சேத்து."

"சரி."

"ஆம்பளைங்களுக்குச் சும்மா கமல், விக்ரம்னே இருக்கட்டும். அவங்களைத்தான் ஊருக்கே தெரியுமே."

"சரி, சரி."

அவர் சொல்லச் சொல்ல விமல்ராஜ் டைப் அடித்தார். பார்டரைப் பாதியாகக் குறைத்தார். ஒரு வரிக்கு ஒரு வேலை, ஒரு பெயர். இடது ஓரமும் வலது ஓரமும் சேலைக்கரை மாதிரி ஒரே நேராக நிற்க வேண்டும். அங்கேதான் வினை. 'ஜெபம்: கமல்' என்ற வரி பாதியிலேயே முடிந்து, மீதி இடம் மொட்டை மைதானமாகக் கிடந்தது. 'ஆலயத் தரையைப் பெருக்கித் துடைத்தல்: திருமதி சம்பூர்ணம் தேவசகாயம்' என்ற வரியோ பார்டரைத் தாண்டிக் குதித்து, தாளை விட்டே வெளியே போனது.

"வேலைக்கெல்லாம் இத்தினி நீளமா பேரு வைக்கணுமா? 'சுத்தம்'னு போட்டா போதாதா?"

"பெருக்கறது வேற, துடைக்கறது வேறங்க. ரெண்டும் செஞ்சவங்களுக்குத் தெரியும்."

விமல்ராஜ் அந்தப் பேச்சைத் தொடர விரும்பவில்லை. எழுத்தைச் சின்னதாக்கிப் பார்த்தார், பெரிதாக்கிப் பார்த்தார். கோணல் கரையோடு ஒரு டிசைன் தன் கையிலிருந்து வெளியே போவதை விட அவர் பட்டினி கிடப்பார்.

"சேலையில இப்படி வந்தா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார் சுகாசினி, சிவப்பு மையில் ஒரு விடையைச் சுழித்தபடி.

"பெரிய எடத்துல பெரிய புட்டா, சின்ன எடத்துல சின்ன புட்டா வைப்பேன். இது கூடத் தெரியாதா?"

"எனக்கு எங்க தெரியும்?"

விமல்ராஜின் கை நின்றது. பிறகு ஓட ஆரம்பித்தது. சம்பூர்ணத்தைத் தூக்கி ஜெபத்தின் பக்கத்தில் வைத்தார். வரி கச்சிதமாக நிறைந்தது. கமலைத் தூக்கித் தரை பெருக்குவதில் வைத்தார். ஆஹா! அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. வேதபாடத்தில் செல்வி ஷாரோன் பிரியதர்ஷினி. டம்ளர் கழுவி அடுக்குவதில் விக்ரம். இளங்கோவன் மட்டும் எங்கேயும் சரியாக அடங்கவில்லை.

"'பிள்ளைகள் கவனிப்பு'ன்றதை 'சிறுபிள்ளைகளை அழாமல் பார்த்துக்கொள்ளுதல்'னு மாத்திடுங்க, அவரு சரியா வருவாரு" என்றார் சுகாசினி, தலையைத் தூக்காமல்.

சரியாக வந்தது.

மாங்காயா மயிலா என்பது கட்டுகிறவர் கவலை. டிசைன் போடுகிறவருக்கு அது எத்தனை கட்டம் என்பதுதான் கணக்கு. விமல்ராஜ் ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை, அளந்தார். கடைசியில், 'தேநீர் அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்தல்' என்பதற்கு எதிரே ஒரே ஒரு பொந்து மிஞ்சியது.

"அஞ்சு எழுத்துல ஒரு பேரு வேணுமே!"

"யோசிங்க."

யோசித்தார். விட்டத்தைப் பார்த்தார். திடீரென்று முகம் மலர்ந்தது.

"விமல்ராஜ்!"

"எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?" என்றார் சுகாசினி.

மறுநாள் ஆலயத்தில் சம்பூர்ணம் அந்தத் தாளை ஒரு தரம் படித்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு, நேராக முன்னால் போய் மைக்கின் முன் நின்றார். அவர் செய்த ஜெபம், கமல் எப்போதும் இழுக்கிறதில் பாதிதான் இருக்கும். ஆனால் சபையில் யாருக்கு உடம்பு முடியவில்லை, யார் வீட்டுப் பையன் வேலை தேடுகிறான், யார் வீட்டில் சண்டை, எல்லாம் அதில் இருந்தது. பெருக்கும்போது ஜனங்கள் பேசுவது பெருக்குகிறவர் காதில் விழாதா என்ன? 'ஆமென்' சொன்னபோது ஆலயமே சேர்ந்து சொன்னது.

ஆராதனை முடிந்ததும் கமல், விமல்ராஜைத் தூண் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். கையில் புல்லட்டின்.

"இன்னாபா இது? நான் பெருக்கணுமா?"

"பெருக்கித் துடைக்கணும்பா."

"எவன் போட்டது?"

மனைவி சொன்னாள் என்று சொல்ல வாய் வரவில்லை. படிக்காமல் போட்டேன் என்று சொல்லவும் முடியாது. தவித்த வாயிலிருந்து உண்மை நழுவி விழுந்துவிட்டது.

"உன் பேரு சின்னதுபா. அங்க அதான் உக்காருது."

கமல் அவரை மேலும் கீழும் பார்த்தார். அதற்குள் ஆயர் அங்கே வந்துவிட்டார். "தேவனுடைய வீட்டைப் பெருக்கறது பெரிய பாக்கியம், கமல் தம்பி" என்றார் முகமெல்லாம் மலர. இத்தனை வருஷமும் அந்தப் பாக்கியத்தைப் பெண்களுக்கே விட்டுக்கொடுத்திருந்த ஆண்கள் சபையின் தியாகம் அன்றோடு முடிந்தது. கமல் துடைப்பத்தை எடுத்தார். விக்ரம் டம்ளரோடு குழாயடிக்குப் போனார். இளங்கோவனின் தோளில் ஒன்று, மடியில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று. மூன்றும் அழுதன. நாலாவதாக இளங்கோவனும் அழுதுவிடுவார் போல இருந்தது.

விமல்ராஜ் அண்டாவுக்குள் பாதி இறங்கியிருந்தார். சுகாசினி கையில் டீ டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"அடியில கொஞ்சம் புடிச்சிக்கினு இருக்குது பாருங்க."

"சுகா, இதெல்லாம் நீ வேணும்னே பண்ணதா?"

"நான் வேலையையும் பேரையும்தாங்க சொன்னேன். இடம் மாத்தி வச்சது யாரு?"

அண்டாவுக்குள் நின்று நேர்மையாக யோசித்துப் பார்த்தார். அவர்தான்.

ஆனாலும் துடைத்த கையோடு ஆலயத்துக்குள் போனவர் அப்படியே நின்றுவிட்டார். பெஞ்சுகள் துப்புரவாகக் காலி. கமல் பெருக்கிய குப்பையிலும் ஒரு தாள் கூட இல்லை. அத்தனையும் வீட்டுக்குப் போயிருந்தது. சம்பூர்ணம் தன்னுடையதை பைபிளுக்குள் வைத்து, பைபிளைப் பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறியதைப் பார்த்ததாக ஆயரே சொன்னார். ஷாரோன் தன் வரியைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள்.

விமல்ராஜின் மனசுக்குள் செயலாளர் நாற்காலி மறுபடி ஆடி நின்றது. ஆண்கள் ஓட்டு போச்சு, போகட்டும். சபையில் பெண்கள்தானே அதிகம்? அவர்கள் கைதான் இனி அவர் கை. அன்று முதல் ஒவ்வொரு வாரமும் பெண்களின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டார். தேவைப்பட்ட இடத்தில் கோதுமைக் கதிரையும் அறுத்தார். நவம்பர் முடிவதற்குள் பார்டர் ஒரு நூல் கனத்துக்கு இளைத்திருந்தது. கமல் அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். விமல்ராஜ் கவலைப்படவில்லை.

தேர்தல் ஞாயிறு வந்தது. இஸ்திரி கலையாத வேட்டியில், நடுப் பெஞ்சின் ஓரத்தில், எழுந்திருக்கத் தோதாக உட்கார்ந்தார். அந்தப் பக்கப் பெஞ்சில் சுகாசினி, பிள்ளைகளின் நடுவே.

"செயலாளர் பதவிக்கு யாரை முன்மொழியறீங்க?" என்றார் ஆயர்.

பெண்கள் பக்கத்தில் சம்பூர்ணம் எழுந்தார். விமல்ராஜ் வேட்டி மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார்.

"ஐயா, முன்னல்லாம் நான் பெருக்கனா அது தூசிக்குத்தான் தெரியும். இப்ப இந்த பேப்பர்ல என் பேரு வருது. என் மருமக அதை ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருக்குது. எங்களுக்கெல்லாம் பேரு குடுத்தது எந்த வீடுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்."

அத்தனை தலையும் விமல்ராஜின் பக்கம் திரும்பியது. இதற்கு மேல் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை. அவர் எழுந்தார். கண்ணாடி முன் பழகிவைத்திருந்த பணிவோடு கை கூப்பினார். தலையைக் குனிந்துகொண்டார்.

"அதனால," என்றார் சம்பூர்ணம், "செயலாளருக்கு நான் சுகாசினி டீச்சரை முன்மொழியறேன்."

கைதட்டல் ஆலயத்தை நிறைத்தது. ஆயர் சந்தோஷமாகச் சபையைச் சுற்றிப் பார்த்தார்.

"இதை வழிமொழிய யாராவது... அட, சகோதரர் விமல்ராஜ் முன்னாடியே எழுந்து நிக்கிறாரே! ஸ்தோத்திரம்!"