ரோஸ்மில்க்கில் எரிந்த பனிக்கட்டி

மந்தைவெளி,
22-5-1998

பூனா அத்திம்பேருக்கு சந்தானம் அநேக நமஸ்காரம். இங்கு என் மீசை நீங்கலாக அனைவரும் க்ஷேமம். அக்காவின் முழங்காலுக்குத் தைலம் கேட்டதா என்று எழுதவும்.

நிற்க. தாங்கள் சொன்ன வரன் அச்யுத் வேண்டாம். நாலு பிள்ளைகளைத் தலைநிமிர்ந்துகூடப் பார்க்காமல் வேண்டாமென்றவள் நம் பெண் ஸ்ரீலக்ஷ்மி. இதுவாவது தகையாதா என்று நானும் ஜானுவும் ஏங்கியது வாஸ்தவம். அதற்காக? என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று பையனைக் கேட்டால், "கடலுக்கு அடியில ஐஸ் இருக்கு மாமா. அதுக்குள்ள கேஸ் அடைபட்டிருக்கு, பத்த வெச்சா எரியும்" என்கிறான். எடுத்தாச்சா என்றால், "இன்னும் இருபது வருஷம் ஆகலாம்" என்கிறான். சிலிண்டருக்குப் பதிந்துவிட்டு, ஒரு மாதமாக மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பம்ப் அடிக்கிறவனிடம் பேசுகிற பேச்சா இது! கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்றேன். அங்கேதான் சனி பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், லாபில் தானே செய்த அந்த ஐஸ் துண்டுகளை பிளாஸ்கில் போட்டுக்கொண்டு, அம்மாவோடு வந்து நின்றான். "உள்ள வையுங்கோ மாமி" என்று ஜானுவிடம் கொடுத்தான். அந்த நேரம் பார்த்து கரண்ட் போச்சு. ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டவில்லை, பிள்ளை சமர்த்தா வாங்கிண்டு வந்திருக்கான்னு இவ ரெண்டு துண்டை ரோஸ்மில்க்குல போட்டு, "அவாளுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி சக்கரை பாருங்கோ"ன்னு என் கையில திணிச்சா. டம்ளர் புஸ்புஸ்னு பொங்கறது. ஈ கீ விழுந்துடுத்தோன்னு மெழுகுவர்த்தியைக் கிட்ட கொண்டுபோனேன். "மாமா, வேண்டாம்!"னு அவன் கத்தறதுக்குள்ள பக்குனு பத்திண்டுடுத்து. முப்பது வருஷ மீசை, அத்திம்பேர்! இடது பக்கம் போயே போச்சு. அவன் அம்மா சூடாமணி, ஜ்வாலையைப் பார்த்துக் கன்னத்துல போட்டுக்கறா! அணைஞ்சதும் அவன், "பார்த்தேளா, எரிஞ்சுதே!"ங்கறான். என் பொண்ணு விழுந்து விழுந்து சிரிக்கறா.

ஆகவே ஜாதகத்தை உடனே திருப்பி வாங்கிவிடவும். அக்காவுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
பாதி மீசையுடன்,
சந்தானம்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஸ்ரீலக்ஷ்மி படித்துவிட்டாள். "அவர் வெறுங்கையால உங்க மீசை நெருப்பை அணைச்சாரே, அதை ஏன்ப்பா எழுதலை? கை கொப்பளிச்சுப் போயிருக்கு" என்று கேட்டாள். அவள் கண்ணில் ஜலம். அந்த நாலு பேரின் பெயர்கூட அவளுக்கு ஞாபகமில்லை. எனவே மேலே உள்ளதைக் கிழித்துப் போட்டுவிட்டு முகூர்த்தம் பார்க்கவும். ஆனியில் வேண்டாம், ஆவணியில் பாருங்கள். போட்டோவுக்கு நிற்க எனக்கு மீசை வளர வேண்டும்.