ஜப்பானில் ஒரு ‘ம்’ கூடிப்போன கதை

எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை. தெரியும் என்று நானே நம்பினேன், அவ்வளவுதான். புதுச்சேரிக்காரனுக்கு இந்த நோய் சுலபமாக வரும். தெருப்பலகையில் பிரெஞ்சு, பேக்கரியில் பிரெஞ்சு, பக்கத்து வீட்டுச் சண்டையில்கூடப் பாதி பிரெஞ்சு. இது போதாதென்று லாஸ்பேட்டையில் ஒரு மாடியறையில் ஆறு வாரம் பிரெஞ்சு வகுப்புக்கும் போயிருந்தேன். (அது எட்டு வார வகுப்பு. கடைசி ரெண்டு வாரம் மழைன்னு மட்டம் போட்டுட்டேன். என் மானத்தைக் காப்பாத்தியிருக்க வேண்டிய பாடம் அந்த ரெண்டு வாரத்துலதான் நடந்திருக்கணும்.)

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். முத்தியால்பேட்டையில் மூக்குக் கண்ணாடிக் கடையை அப்போதுதான் திறந்திருந்ததால், தேனிலவு என்று எங்கேயும் போகவில்லை. என் மனைவி ரஹீமா பள்ளி ஆசிரியை. அதிகம் ஆசைப்படாதவள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பனி பார்க்க வேண்டும். மார்கழியில் நம் ஊர் ஸ்கூட்டர் சீட்டை நனைக்கிற பனி இல்லை. கையில் அள்ளி எறிகிற பனி. பொங்கல் விடுமுறையில் ஜப்பானுக்குப் போகலாம், நாம் இருவர் மட்டும், என்று வாக்குக் கொடுத்தேன்.

ஒரு நோட்டு வாங்கித் திட்டம் போட ஆரம்பித்தேன். பனி கொட்டும்போது வெந்நீர் ஊற்றில் குளியல். அதே வெந்நீரில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் குரங்குகளைப் பார்ப்பது. பாயில் மண்டியிட்டுத் தேநீர்ச் சடங்கு. அடியில் கணப்பு வைத்த மேசைமேல் கனத்த பஞ்சு ரஜாய் போர்த்தி, எல்லோரும் அதற்குள் காலை நீட்டி உட்காருவது. இந்தக் கடைசி விஷயத்துக்கு வீட்டிலேயே ஒத்திகை பார்த்தேன். சாப்பாட்டு மேசைக்கடியில் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டுக் கம்பளியால் மூடினேன். அந்தக் கம்பளியில் இன்றும் முக்கோணமாக ஒரு ஓட்டை இருக்கிறது.

இரண்டு காரியம் பாக்கி. ஒன்று, மாமனாரின் சம்மதம். ரஹீமா அவருக்கு ஒரே மகள். அவர் தலையசைக்காமல் அவள் பக்கத்திலிருக்கும் கோட்டக்குப்பத்தைக்கூடத் தாண்ட மாட்டாள். இரண்டாவது, குளிர் தாங்கும் கோட்டு. அது புதுச்சேரிக் கடைகளில் கிடைக்கிற சமாசாரம் இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டில் மதாம் லூர்து இருக்கிறார். அவர் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், காலமாகிவிட்டார். மகள் கிளேர் பாரீஸில் இருக்கிறாள். நவம்பர் கடைசியில் அவள் ஊருக்கு வருவதாக இருந்தது. பாரீஸ்காரர்களிடம் கோட்டுக்கா பஞ்சம், பழையதாக இரண்டு கேட்போம் என்று மதாமிடம் போனேன். மதாம் நம்மைப் போலவே தமிழ் பேசுகிறவர்தான். தமிழில் கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் காரியம் முடிந்திருக்கும். ஆனால் ஓசியில் கேட்கப் போகிறவன் கொஞ்சம் கெத்தாகக் கேட்க வேண்டாமா?

ஜப்பானுக்குப் பிரெஞ்சில் ‘ஜப்போன்’. அது எனக்குத் தெரியும். ‘போக வேண்டும்’ என்பதற்கும் ‘கோட்டு’ என்பதற்கும் தெரியாது. ஆகவே தெரிந்த சொற்களை வைத்துக்கொண்டு, மீதியைக் கை காலை ஆட்டிச் சமாளிப்பது என்று இறங்கினேன்.

“போன்ஜூர் மதாம்! ஜ வே ஜாம்போன்!”

‘எனக்கு ஜப்பான் வேண்டும்’ என்று சொல்வதாக நினைப்பு. பதற்றத்தில் நடுவே ஒரு ‘ம்’ புகுந்துகொண்டது. எனக்கே அது காதில் விழவில்லை. மதாம் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஜாம்போன் ஃப்ருவா!” என்றேன். ஜப்பான் குளிரும் என்று அர்த்தம். என்னையே கட்டிப்பிடித்துக்கொண்டு நடுங்கிக் காட்டினேன். “த்ரே க்ரோ!” என்று கைகளை அகல விரித்தேன். கோட்டு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்காக. “பூர் முவா, பூர் மா ஃபாம்!” எனக்கும் என் மனைவிக்கும்.

மதாம் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு வந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

“வீட்டுல ஒத்துக்குவாங்களா தம்பி?”

“மாமாகிட்ட இன்னும் சொல்லல மதாம். ரஹீமாவுக்குத்தான் ரொம்ப ஆச.”

“ரஹீமாவுக்கா!”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து இதே பேச்சு.”

மதாம் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். பிறகு, “கிளேர்கிட்ட சொல்றேன். மெல்லிசா போதுமா?” என்றார்.

“மெல்லிசு பத்தாது மதாம். நல்லா தடியா வேணும். பழசா இருந்தாலும் பரவால்ல.”

“பழசுதான் தம்பி நல்லது. நீ கவலப்படாத, நான் யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்.”

என்ன ஒரு பெருந்தன்மை, ஓசிக்கோட்டு வாங்குகிறவன் கூச்சப்படக் கூடாது என்று எவ்வளவு நாசூக்காகப் பேசுகிறார் என்று உருகிப்போய் வீட்டுக்கு வந்தேன். (பிரெஞ்சு சரளமா வருதுன்னு ரஹீமாகிட்ட பீத்திக்கிட்டது வேற கதை.)

நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாமாவையும் மாமியையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தோம். பிரியாணி, தால்ச்சா, பிர்னி. சாப்பிட்டு முடித்ததும் என் திட்ட நோட்டை மாமாவின் கையில் பவ்வியமாகக் கொடுத்தேன். மாமா நாற்பது வருடம் ஜவுளிக்கடை நடத்தியவர். எதையும் விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

“இந்தக் குளியல் என்ன மாப்பிள?”

“வெந்நீர் ஊத்து மாமா. ஒடம்புக்கு நல்லது. ஆம்பளைங்க தனி, பொம்பளைங்க தனி.”

“துணி கட்டிக்கிட்டுதான?”

நான் மாமியைப் பார்த்தேன். மாமி பிர்னிக் கிண்ணத்தைப் பார்த்தார்.

“தனி ரூமும் இருக்கு மாமா,” என்று நழுவினேன்.

மாமா பக்கத்தைப் புரட்டினார். “அதெல்லாம் இருக்கட்டும். சாப்பாடுதான் எனக்குக் கவல. அங்க எதுல என்ன கலக்கறாங்கன்னு நமக்குத் தெரியாது. எம்பொண்ணு வாயில தப்பா ஒரு துண்டு போயிடக் கூடாது. அந்தப் பொறுப்ப நீங்க ஏத்துக்குவீங்களா?”

நெஞ்சில் கை வைத்தேன். “மாமா, அந்த விஷயத்துல என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா? அந்தப் பேச்சே என் வாயில வராது.”

மாமாவின் முகம் கனிந்தது. ரஹீமா என் கையைக் கிள்ளினாள். மாமா ‘சரி’ என்று சொல்ல வாயெடுத்தார். அந்த நொடியில் அழைப்புமணி அடித்தது.

மதாம் லூர்து நின்றிருந்தார். கையில் பெரிய துணிப்பை. உள்ளே இருந்த கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது. “அப்புறம் வரேன்,” என்று திரும்பினார். நான் விடுவேனா? இதைவிட நல்ல நேரம் எப்போது வரும்? பையை வாங்கிக்கொண்டு அவரையும் உள்ளே அழைத்து வந்தேன். பை கனத்தது. பாரீஸ் கோட்டு என்றால் சும்மாவா என்று நினைத்துக்கொண்டேன்.

“மாமா, ஜப்பானுக்கு எல்லாம் ரெடி. எனக்கும் ரஹீமாவுக்கும் பாரீஸ்லேர்ந்தே கோட்டு வந்திருக்கு. உங்க கையாலயே பிரிங்க!”

மதாம் பின்னாலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அடக்கம் என்று நினைத்தேன். மாமா பையிலிருந்து வெள்ளித்தாள் சுற்றிய பொட்டலத்தை எடுத்தார். தாளை உரித்தார். உள்ளே கனத்த பிளாஸ்டிக் உறை. அதற்குள் இளஞ்சிவப்பாக, வலை போட்டுக் கட்டி, எலும்போடு முழுசாக ஒரு தொடை.

“கோட்டுன்னுதான மாப்பிள சொன்னீங்க?” என்றார் மாமா. பிறகு ஜவுளி பார்க்கும் பழக்கத்தில் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “நல்ல தொட. பாரீஸ்ல ஆடு இவ்ளோ பெருசா வளருதா?”

மதாமுக்குப் பொய் வராது. “அது ஆடு இல்ல பாய்.”

“மாடா?”

“மாடும் இல்ல.”

மாமா அதை அப்படியே மேசையில் வைத்துவிட்டு எழுந்து கை கழுவப் போனார். புது சோப்பு பாதியாகும்வரை திரும்பி வரவில்லை.

“தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்க பாய்,” என்று மதாம் என்னைக் காப்பாற்ற முன்வந்தார். “ஆசப்பட்டு கேட்டுச்சு. ரஹீமாவுக்கும் ஆசன்னு சொல்லிச்சு. வீட்டுல தெரியாதுன்னுதான் நானும் ரகசியமா வெச்சிருந்தேன்.”

“எனக்கா?” என்று ரஹீமா அலறினாள்.

“நான் கேட்டது ஜப்பான்!” என்று நானும் அலறினேன்.

“நீ கேட்டது ஜாம்போன்! பன்னித் தொட! ஒரு தடவைக்கு ரெண்டு தடவ கேட்டியே!”

மாமா நாற்காலியில் உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினார். அன்றைக்குச் சொன்னதை நான் வரி வரியாகத் திருப்பிச் சொல்ல வேண்டும், மதாம் மொழிபெயர்க்க வேண்டும். அப்படித்தான் என் பிரெஞ்சு முதன்முதலாகத் தமிழில் வெளியானது: “எனக்குப் பன்னித் தொட வேணும். ஆறிப்போன பன்னித் தொட. ரொம்பப் பெருசு. எனக்கும் எம்பொண்டாட்டிக்கும்.”

ரஹீமா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுகிறாள் என்று பதறினேன். தோள் குலுங்கிய விதத்தில் சிரிப்பு என்று தெரிந்தது. மாமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். மதாம் சிலுவை போட்டுக்கொண்டு சிரித்தார். எனக்கு அங்கேயே கரைந்து போய்விட வேண்டும்போல் இருந்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை.

“பக்கத்து வீட்டுல கோட்டு கேக்கப் போயி பன்னித் தொட வாங்கிட்டு வந்த மனுசன், பாஷ தெரியாத ஊர்ல எம்பொண்ணுக்கு என்ன வாங்கிக் குடுப்பாரு?”

ரஹீமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. மகளின் முகத்தைப் பார்த்த மாமா நோட்டைத் திறந்து, ‘இருவர் மட்டும்’ என்றிருந்த இடத்தில் ‘இருவர்’ என்பதை அடித்து ‘நால்வர்’ என்று எழுதினார். “நானும் மாமியும் வரோம்,” என்றார்.

தொடையை மதாம் எடுத்துப்போனார். மறுநாள் அவர் வீட்டுப் பரணிலிருந்து நான்கு கோட்டுகள் வந்து சேர்ந்தன. (தமிழ்ல கேட்டதும் வந்துடுச்சு பாருங்க.)

ஜப்பானில் மாமா எல்லாச் சாப்பாட்டுப் பொட்டலத்தையும் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தார். கடைக்காரர் யாரிடமாவது நான் வாயைத் திறந்தால் என் தோளில் அவர் கை விழும். பனியைக் கண்டதும் ரஹீமா கத்திக்கொண்டே ஓடிப்போய் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள். அது அவள் அத்தாவின் கை, அதாவது மாமாவின் கை. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

வெந்நீர் ஊற்றில் தனி அறை எடுத்தோம். முதலில் அம்மாவும் மகளும் குளித்தார்கள். பிறகு ஆண்கள் முறை. தலையில் பனி விழ, இடுப்பில் லுங்கியோடு, ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நானும் என் மாமனாரும் வெந்நீரில் உட்கார்ந்திருந்தோம். (ஜப்பான்காரங்க மன்னிக்கணும், அவங்க முறைப்படி லுங்கி கூடாதாம்.) அரைமணி நேரம் கழித்து மாமா சொன்னார்: “சொகமாத்தான் இருக்கு மாப்பிள.”

எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், புதுமாப்பிள்ளை என்னிடம் வந்து மரியாதைக்காக ஒரு கேள்வி கேட்பார்: “நீங்க தேனிலவுக்கு எங்க போனீங்க மச்சான்?” ஜப்பானுக்கு என்பேன். “யார் கூட?” என்று யாராவது ஒருவர் எடுத்துக் கொடுப்பார். மண்டபம் முழுக்கச் சேர்ந்து பதில் சொல்லும்: “மாமா கூட!”