விறகுக்குள் ஒரு மரவை

விறகைப் பார்த்தால் அடுப்பு ஞாபகம் வருகிற மனிதர்கள் ஒரு ரகம். இன்னொரு ரகம் உண்டு. அவர்களுக்கு விறகுக்குள் ஒரு மரவை, அதாவது கடைந்தெடுத்த மரக்கிண்ணம், தெரியும். ஊறுகாய் மரவை, உப்பு மரவை, ஒன்றுக்கும் உதவாத மரவை. விறகு வண்டி தெருமுனையில் திரும்பும்போதே வாசலில் வந்து நின்று, கட்டை கட்டையாக எடுத்து, விரலால் தட்டி, காதோரம் வைத்துக் கேட்டு, வெட்டு முகத்தில் எச்சில் தொட்டுத் தேய்த்து, முகர்ந்து பார்த்து, பெருமூச்சு விட்டு, "இதைப் போயி எரிக்கிறதா?" என்பார்கள். பிறகு எதை எரிப்பது? அதை அவர்களிடம் கேட்கக் கூடாது.

திண்டுக்கல் பேகம்பூரில் இருந்த அப்துல் வாஹித் ராவுத்தர் இந்த ரகத்தில் அசல் சரக்கு. தோல் மண்டி மேனேஜர். ஒரு மத்தியானம் கட்டில் கால் கடையக் கொடுத்துவிட்டுக் கடைசல் பட்டறையில் காத்திருந்தார்; அதோடு கெட்டார். அடுத்த வாரமே கொல்லையில் இரண்டு முளைகள் நட்டாகிவிட்டது. கட்டையை முளைகளுக்கு நடுவே மாட்டி, கயிற்றைச் சுற்றி, ஒருவர் இப்படியும் அப்படியும் இழுக்க, இன்னொருவர் உளி பிடிக்க வேண்டும். உளி பிடிப்பவர் கலைஞர். இழுப்பவர்? அவர் மனைவி சர்புன்னிசா.

"செத்த நேரம் இழு புள்ள" என்பார். அந்தச் செத்த நேரத்தில் அடுப்பில் சோறு குழைந்து கஞ்சியாகியிருக்கும்.

கன்னிவாடியிலிருந்து விறகு வந்து இறங்கினால் இரண்டு குவியல் போடுவார். காய்ந்தது, கனத்தது, முண்டும் முடிச்சுமாக லட்சணமாய் இருப்பது எல்லாம் அவருடையது. சாக்குப் போட்டு மூடியிருக்கும். ஈர முருங்கையும் செத்தையும் சர்புன்னிசாவுக்கு. ஊதி ஊதிச் சிவந்த கண்ணோடு அவள் வெளியே வந்தால், பக்கத்து வீட்டுக் கமர்ஜஹான் மெல்ல விசாரிப்பாள்:

"அண்ணன் ஏதும் சொன்னாரா மச்சி?"

"ஒண்ணும் சொல்லல கமரு. விறகுதான் ஈரம்."

யார் நம்புவார்கள்?

சரி, மரவைகளாவது உருப்படியா? விளிம்பில் மரப்பட்டை அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். "பட்டையோட இருந்தாத்தான் அழகு." ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். "மரம் போன போக்குல விட்டிருக்கேன்." நடுவில் வெடித்திருக்கும். "வெடிப்பில்ல, அது ரேகை." சீனி போட்டு வைத்தால், எறும்புகள் அந்த ரேகை வழியாகவே குடும்பத்தோடு குடியேறும்.

இப்படியிருக்கையில் மகள் நர்கீசுக்கு ஒட்டன்சத்திரத்திலிருந்து சம்பந்தம் வந்தது. காய்கறி மண்டி அப்பாஸ் ராவுத்தரின் மகன். நல்ல இடம். போன வருஷம் வந்த ஒரு சம்பந்தம், வந்தவர்களைப் பசியோடு உட்கார வைத்தார்கள் என்ற குறையில் தட்டிப்போயிருந்தது. இதுவும் தட்டினால் தன்னால் தாங்க முடியாது என்று சர்புன்னிசா பயந்து கிடந்தாள். நிச்சயதார்த்த விருந்துக்கு அய்யலூர் சந்தையில் கிடா பிடித்தாகிவிட்டது. சமையல் பண்டாரி முனீர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தம் போடப் புளிய விறகு வேணும்க்கா. கங்கு நின்னு காயணும்."

அவள் தனியாகப் புளிய விறகு வாங்கிக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி, போர்வையைத் தரைவரை தொங்கவிட்டு மறைத்தாள். ராவுத்தரின் மூக்குக்குப் போர்வையா கணக்கு? அவள் உறவுக்காரர்களை அழைக்கப் போயிருந்த நேரத்தில் அத்தனையையும் இழுத்துப் பின்னறைக்குக் கொண்டுபோய், மண்டி ஆள் ஒருவனைக் கயிறு இழுக்க வைத்து ஒரு மரவையும் கடைந்து, மிச்சக் கட்டைகளைப் பூட்டி வைத்துவிட்டார்.

நிச்சயத்தன்று முனீர் போர்வையைத் தூக்கிப் பார்த்தார். கட்டில் இருந்தது. பின்னறையில் அசல் திண்டுக்கல் பூட்டு தொங்கியது. இழுத்தால் வருகிற சாதனமா அது? சாவி ராவுத்தரின் இடுப்பு பெல்ட்டில். ராவுத்தர் முன்கூடத்தில், சம்பந்திகள் நடுவில்.

முருங்கை புகைந்தது. கிடா வேகவில்லை. மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வந்தவர்கள் வாசலைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். திரைக்குப் பின்னால் நின்ற சர்புன்னிசா போன வருஷத்துச் சம்பந்தத்தை நினைத்துக்கொண்டாள். அப்போதுதான் ராவுத்தர் எழுந்துபோய், சம்பந்திக்கென்றே கடைந்த புது மரவையில் ஜவ்வரிசிப் பாயசத்தை ஊற்றிக்கொண்டு வந்து, அப்பாஸ் ராவுத்தரின் கையில் கொடுத்தார்.

ரேகை தன் வேலையைக் காட்டியது. பாயசம் சம்பந்தியின் வெள்ளை வேட்டியில் நிதானமாக இறங்கியது.

அப்பாஸ் ராவுத்தர் மிச்சப் பாயசத்தைத் தட்டில் கவிழ்த்தார். மரவையைத் திருப்பினார். நகத்தால் தட்டி, காதோரம் வைத்துக் கேட்டார்.

"புளிங்களா?"

"புளிதான்."

"நல்லா வைரம் பாஞ்சிருக்குதுங்க. பச்சையிலயே கடைஞ்சுட்டீங்களாட்ட இருக்குது. நானுங்கூட முதல்ல அப்படித்தானுங்க கெடுத்தேன்."

அவ்வளவுதான். இரண்டு பேரும் எழுந்து பின்னறைக்குப் போனார்கள். பூட்டு திறந்தது; முனீருக்கு விறகும் கிடைத்தது. பிரியாணி வெந்து, பரிமாறி, ஆறிப்போன பிறகுதான் தோளில் கை போட்டபடி திரும்பி வந்தார்கள். கல்யாணத் தேதி பின்னறையிலேயே குறித்தாகிவிட்டதாம்.

சர்புன்னிசாவுக்குப் போன உயிர் வந்தது; வந்த உயிர் நிலைகொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மா சைதூனிடம் மெதுவாகக் கேட்டாள்:

"உங்க வீட்ல என்ன அடுப்பு?"

"மரத்தூள் அடுப்புங்க" என்றாள் சைதூன். அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது. "வேற எதுக்கு முடையானாலும் எங்கூட்ல தூளுக்கு முடையே இல்லீங்க. அப்பனும் கடையறாரு, மகனும் கடையறான்."

சர்புன்னிசா நர்கீசைப் பார்த்தாள். பிள்ளை தலைகுனிந்து சிரித்துக்கொண்டிருந்தது.

எல்லாரும் பஸ் ஏறிப் போனதும் கணவரிடம் சொன்னாள்: "நர்கீஸ் அத்தா, சீர்ல எது கொறஞ்சாலும் சரி. ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கிக் குடுத்துரணும்."

"தாராளமா வாங்கிருவோம்" என்றார் ராவுத்தர், மனம் நிறைந்து. "அது பலகைப் பெட்டியில வச்சு வரும். பெட்டிய மட்டும் எரிச்சுராத."

சிரித்தாயிற்றா? நல்லது. உங்களுக்கு மரவைப் பித்து இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் பரண் மேல் ஒற்றைக் கால் ஸ்டூலும், கம்பி போன குடையும், "இருக்கட்டும், இதை வச்சு ஒண்ணு பண்ணலாம்" என்று நீங்கள் தடுத்து வைத்த இன்னும் பலவும் கிடக்கின்றனவே, அவற்றைப் பற்றி அடுப்படியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். மிச்சச் சிரிப்பை அப்புறம் சிரிக்கலாம், வந்தால்.